தட்டிப் பார்த்து எடுத்த தொட்டி

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகிற சாலையில், பொங்கலூர் தாண்டி ஒரு காட்டோரம் வண்டியை நிறுத்தினேன். ஓர் ஓசைக்காகத்தான். கிண் என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கிண். கோயில் மணியும் இல்லை, மாட்டு மணியும் இல்லை. கிளுவை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால், வரப்பில் நட்ட கோலில் ஒரு காலிப் பாட்டில் தலைகீழாகத் தொங்குகிறது. அதை ஒட்டிக் கம்பியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டு. போல்ட்டுக்குக் கீழே எண்ணெய் டின்னில் வெட்டிய கையகலத் தகரம். காற்று தகரத்தைத் தள்ளினால் போல்ட்டு போய்ப் பாட்டிலில் மோதும்.

"மயிலுக்குங்க" என்றார் காட்டுக்காரர். "வெதைச்ச அன்னிக்கே வந்து கிளறிப்போடுது. அடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. சத்தந்தானுங்க போடலாம். அதுவும் பழகிப்போச்சுன்னா பயப்படாது, வாரத்துக்கு ஒருக்கா இடத்தை மாத்தோணும்."

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொங்கு உழவருக்கு மிஞ்சியிருக்கும் ஆயுதம் ஓசை ஒன்றுதான். இது புதிதும் அல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தினைப்புனம் காக்கும் பெண்களின் கையில் தழல், தட்டை, குளிர் என்ற கிளி ஓட்டும் கருவிகளைக் கொடுத்திருக்கிறார். தட்டை என்பது பிளந்த மூங்கிலால் ஓசை எழுப்புவது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ஜப்பானில் கோடைக்காலத்தில் வீட்டு இறவாரத்தில் 'பூரின்' என்ற கண்ணாடி மணியைத் தொங்கவிடுவார்கள். அதன் நாக்கில் ஒரு காகிதப் பட்டை ஆடும், காற்றைப் பிடிப்பதற்காக. பொங்கலூர்க் காட்டுக்காரர் தகரத்தைக் கட்டியதும் அதற்காகத்தான். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வட்டாரத்தில் காற்றைப் பிடிக்கும் யோசனை தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக் கொடுத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாக நுழைந்து கோவை, பல்லடம், உடுமலை என்று விரிகிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை நிற்காது. காற்றாலைகள் இந்தப் பக்கம் காடு காடாக நிற்பதும் இதனால்தான்.

நான் போய்க்கொண்டிருந்தது காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்துக்கு. களத்தோரக் கொட்டகையில் நான்கு பெண்கள் காற்றுமணி கட்டுகிறார்கள் என்று நண்பர் சொல்லியிருந்தார்.

காங்கேயம் தேங்காய்ப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பேர்போன ஊர். பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளின் காய் இங்கே வந்துதான் உடைபடுகிறது. களத்தில் ஆயிரக்கணக்கான மூடிகள் வானம் பார்த்துக் கிடந்தன. கண் கூசும் வெள்ளை. இரண்டு மூன்று நாள் வெயிலில் பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டுவிடும். பருப்பு எண்ணெய் ஆலைக்குப் போகும். தொட்டி கரிச் சூளைக்குப் போகும். அங்கிருந்து தண்ணீர் சுத்திகரிக்கும் கரியாக உலகமெல்லாம் போகும். சிரட்டை என்றும் கொட்டாங்குச்சி என்றும் மற்ற ஊர்களில் சொல்வதை இங்கே தொட்டி என்பார்கள்.

கொட்டகையில் மூத்தவர் ஒருவர் தொட்டிக் குவியலுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். "வாங்க தம்பி, சித்த உக்காருங்க, இந்தக் கூடையை முடிச்சுட்டு வாரேன்" என்றவர் வேலையை நிறுத்தவில்லை. இடக்கையின் இரண்டு விரல் நுனியில் தொட்டியைத் தளரப் பிடிக்கிறார். வலக்கையில் புளியங்குச்சி. ஒரே தட்டு. அடுத்த நொடி தொட்டி மூன்று குவியல்களில் ஒன்றுக்குப் பறக்கிறது.

"என்னங்கக்கா கணக்கு?"

"இது பேசறது. இது மொனகறது. அது ஊமை."

எனக்கு மூன்றும் டொக் என்றுதான் கேட்டன. அவர் சிரிக்கவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றிக் காதருகே தட்டினார். முதல் தடவை பிடிபடவில்லை, இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை கேட்டது. ஒன்றில் தட்டியதோடு ஓசை விழுந்துவிடுகிறது. மற்றதில் தட்டிய பிறகு ஒரு சின்ன வால் நீள்கிறது. அந்த வாலைத்தான் அவர் பொறுக்குகிறார். ஈரம் சாகாத தொட்டி முனகும். முற்றாத காயின் தொட்டியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் இருந்தால் கரகரக்கும். அதுதான் ஊமை. ஒரு கூடை தட்டினால் ஒரு மடி தேறும் என்றார்.

இந்தக் காது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். களத்தில்தான். முப்பது வருடம் பருப்பு எடுத்தவர் அவர். பருப்பு தொட்டியை விட்டுவிட்டதா, இன்னும் ஒரு வெயில் வேண்டுமா என்று தட்டிப் பார்த்தே சொல்ல வேண்டிய வேலை. அவசரப்பட்டு நெம்பினால் பருப்பு உடையும், விலை போகாது. அப்படி நாள் முழுக்கத் தட்டிய கைக்கு இன்று வேறொரு பயன் வந்திருக்கிறது. கைவினை என்றால் நாம் விரல்களையே பார்க்கிறோம். இந்தத் தொழிலின் பாதி வேலை கத்தி எடுப்பதற்கு முன்பே காதில் முடிந்துவிடுகிறது என்பதை அந்தக் கொட்டகையில்தான் உணர்ந்தேன்.

தேறிய தொட்டியிலும் கண்ணுள்ள பாதிக்குத்தான் முதல் மரியாதை. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. முளை வெளியே வருகிற வழி அது. கோணி ஊசியால் குத்தினால் திறந்துகொள்ளும், துளைப்பான் வேண்டாம். கயிற்றை அதன் வழியே கோத்துத் தொங்கவிட்டால் தொட்டி தானாகவே மணியாகிவிடுகிறது. கண்ணில்லாத பாதியில் துளை போட்டால் விரிசல் விடும் ஆபத்து அதிகம். அதை நடுவில் தொங்கும் தட்டுக்கட்டையாக வெட்டிக்கொள்கிறார்கள். மேல் நாரை உடைந்த கண்ணாடிச் சில்லால் வழிக்கிறார்கள், பிறகு உப்புத்தாள், கடைசியில் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு தேய்ப்பு. தொட்டி கருங்காலி போல மின்னுகிறது. வாங்குகிறவர்கள் வார்னீஷ் கேட்கிறார்களாம். "வார்னீஷ் அடிச்சா மினுங்குமுங்க, கொரல் செத்துப்போகும்" என்றார் அக்கா. ஒன்றில் அடித்தும் காட்டினார். வால் குறுகியிருந்தது, இப்போது எனக்கே கேட்டது.

இளையவரை எல்லோரும் அம்மிணி என்று கூப்பிட்டார்கள். அவர் கட்டுவது வேறு வகை. சாலையோர வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகளைச் சரம் சரமாகக் கோத்து, நடுநடுவே மெல்லிய மூங்கில் துண்டு. காற்றுப் பட்டதும் சலசல என்று தொலைவில் மழை வருவது போல ஒரு சத்தம். குறுந்தொகையில் பெரும்பதுமனார் இதே வாகை நெற்றின் ஒலியைக் கயிற்றின் மேல் ஆடுகிறவர்களுக்குக் கொட்டும் பறைக்கு ஒப்பிட்டிருக்கிறார். அதை அம்மிணியிடம் சொன்னேன். "அப்பவே கேட்டிருக்காங்களா?" என்று கையில் இருந்த நெற்றை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

மேலே எல்லாவற்றையும் தாங்குகிற வளையம் உண்ணிக் குச்சி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாக வந்து மேற்கு மலைக் காடுகளை அடைத்துக்கொண்ட களை அது. கொதிக்க வைத்துப் பட்டை உரித்தால் சொன்னபடி வளையும், பூச்சி எளிதில் அரிக்காது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இதே குச்சியில் கட்டிய முழு உருவ யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

மூங்கில் ஆனைகட்டியிலிருந்து வருகிறது. மறுவாரம் அங்கேயும் போனேன். மூங்கில் வெட்டித் தருகிறவர் இருளர் சமூகத்தைச் சேர்ந்த பெரியவர். வீட்டு முன்னால் இரண்டு கழிகளைப் போட்டு வேறுபாடு காட்டினார். கல் மூங்கில் கெட்டி, உள்ளே துளை இருந்தால் சுண்டுவிரல்கூட நுழையாது. தடிக்கும் ஏணிக்கும் ஆகும், பாடாது. முள் மூங்கிலுக்குத்தான் வயிறு உண்டு. அதிலும் இளங்கழி கூடாது, மூன்று நான்கு வருடம் முற்றியிருக்க வேண்டும். வெட்டிய கழியில் மாவுச்சத்து இருக்கும்வரை வண்டு விடாது. ஓடைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்துவிடும். பிறகு நிழலில் காய வைத்து, அடுப்புக்கு மேலே புகையில் கிடத்துகிறார். புகை ஏறிய துண்டையும் ஏறாத துண்டையும் ஒன்றோடொன்று தட்டினார். ஒன்று ஈரத்துணி, மற்றது மரமணி.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூலாக ஏற்று, காட்டில் வாழ்கிறவர்களுக்கு அதன் மேல் உரிமை தந்தது. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற கணக்கிலிருந்து எடுத்தார்கள். தாளில் இருக்கும் இந்த உரிமை ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். பெரியவர் இப்போது வெட்டுவது பெரும்பாலும் பட்டா நிலத்து மூங்கிலை.

உலோகக் குழாய் கட்டுகிறவர் கோவையில், உக்கடம் பக்கத்தில். பம்ப் செட்டும் வார்ப்படமும் விளைகிற ஊரில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. கிணறு வற்றி, ஆழ்துளையும் வற்றி, தோட்டத்துக்காரர் வெளியே இழுத்துப் போட்ட குழாய்தான் அவருடைய மூலப்பொருள். அவரிடம் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். குழாயை நுனியில் கட்டித் தொங்கவிட்டால் ஓசை சீக்கிரம் அடங்கும். அதிரும் குழாயில் அசையாத இடங்கள் இரண்டு உண்டு, இரு முனையிலிருந்தும் நீளத்தில் நூற்றுக்கு 22.4 பங்கு தள்ளி. 45 சென்டிமீட்டர்க் குழாய்க்கு அது 10 சென்டிமீட்டர். அங்கே துளை போட்டுத் தொங்கவிட்டால் கயிறு அதிர்வை விழுங்காது. அவர் இந்தக் கணக்கைப் படித்தவரல்ல. குழாயை இரு விரலில் பிடித்துத் தட்டி, விரலை மெல்ல நகர்த்தி, ஓசை நீளுகிற இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுகிறார். நான் டேப்பை வைத்து அளந்தேன். ஒரு நூல்கூடத் தவறவில்லை. சுதி ஏற்ற நீளத்தைக் குறைக்கிறார், அதையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக. பாதியாக வெட்டினால் அதிர்வெண் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிவிடும்; ஒரு விரல் அவசரம் குழாயைக் கெடுத்துவிடும்.

மறுபடி காங்கேயம். கட்டி முடித்த மணிகளைக் கொட்டகைக்கு வெளியே ஒரு வேம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். "காத்துல போட்டு எடுக்கறதுங்க" என்றார் அக்கா. ஆடிக் காற்றில் பத்து நாள் நின்றால்தான் விற்பனைக்கு. முதலில் போவது தொட்டியல்ல, கயிறு. பருத்திக் கயிறு கண்ணோட்டையில் உராய்ந்து அறுந்துவிடுகிறது. மீன்பிடி நரம்பு நீண்ட நாள் வரும், ஆனால் முடிச்சு வழுக்கும். வேலியோரக் கத்தாழையின் நாரைத் தொடையில் வைத்துத் திரித்த கயிற்றைத்தான் இப்போது நம்புகிறார்கள். முடிச்சு பிடிக்கும், நனைந்தால் இன்னும் இறுகும். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஆற்றாமை தந்தது விலை. வாங்கிப் போகிற வியாபாரி உயரத்தை அளந்து விலை போடுகிறார். இரண்டு அடி மணிக்கு ஒரு விலை, மூன்று அடி மணிக்கு ஒரு விலை. பேசுகிற தொட்டியோ ஊமைத் தொட்டியோ, அந்தக் கணக்கில் ஒன்றுதான். ஒரு கூடை தட்டி ஒரு மடி பொறுக்கிய அரை நாள் எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. ஊமைத் தொட்டியைக் கோத்தால் வேலை பாதியாகக் குறையும், கூலி குறையாது. ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன். "தொங்கிட்டே இருக்குமுங்களே தம்பி. யாரு ஊட்டுலயோ வருசம் பூராக் கேட்டுட்டே இருப்பாங்க." இது தவறான விலை. பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு, காற்றுமணியை ஓசை கேட்காமல் வாங்குவது எப்படிச் சம்மதமாகிறது?

கொங்கு நாட்டுச் சந்தையிலோ கண்காட்சியிலோ தொட்டி மணியைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று, ஒவ்வொரு தொட்டியையும் விரல் முட்டியால் தட்டுங்கள். வால் நீளுகிறதா என்று கேளுங்கள். நீண்டால் பேரம் பேச வேண்டாம். வீட்டில் மேற்குப் பார்த்த வாசலில் கட்டுங்கள். ஆவணி கழிந்ததும் கண்ணோட்டையில் கயிற்றைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் கட்டியவர்களிடமே கொண்டுபோகலாம். காசு வாங்காமல் மாற்றிக் கட்டித் தருவதாகச் சொல்கிறார் அக்கா. காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.