திரும்பியோர் எனும் சொல்

கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகக் குடியிருப்புகளில் வாழ்வாரை அரசு ஏடுகள் 'தாயகம் திரும்பியோர்' என்று குறிக்கும். ஊர் வழக்கோ 'சிலோன்காரர்' என்று சொல்லி அமையும். ஒரு பெயர் அவர்களை இந்நாட்டார் ஆக்குகிறது. மற்றொன்று கடலுக்கு அப்பால் நிறுத்துகிறது.

'ரிபேட்ரியேட்' என்னும் ஆங்கிலச் சொல்லினுள் தந்தையர் நாட்டைக் குறிக்கும் 'பேட்ரியா' என்ற இலத்தீன் சொல் உறைகிறது. தமிழ் அதனைத் தாயகம் ஆக்கிக்கொண்டது. அதில் குறையில்லை. ஆயின், திரும்புதற்கு முன் ஒருவர் புறப்பட்டிருத்தல் வேண்டும் அன்றோ? கண்டியிலும் அட்டனிலும் பிறந்து, பாட்டனார் வாய்மொழியால் மட்டுமே இந்தியாவை அறிந்தவர் எங்கிருந்து புறப்பட்டார்?

முதலில் காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக இலங்கை மலைநாட்டுக்குத் தமிழர் சென்ற காலத்தில், இரு கரையாரும் பிரிட்டிஷ் ஆட்சியின் பிரஜைகளே. 1911ஆம் ஆண்டின் குடிக்கணக்கு அவர்களை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு கூறாக்கியது. நம் சமுதாயத்தாரும் இப்பகுப்புக்குத் தப்பவில்லை. சோனகர் என்னும் பழந்தமிழ்ப் பெயர் இருக்க, வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்குத் தாம் வழங்கிய 'மூர்' என்ற பெயரைப் போர்த்துக்கீசியர் இலங்கை முஸ்லிம்களுக்கும் சூட்டினர். பின்னர் அதுவும் 'இலங்கை மூர்', 'இந்திய மூர்' எனப் பிளந்தது.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்கு ஒருவர் அத்தீவில் பிறந்திருத்தல் போதவில்லை. அவர் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ ஆங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையில் பிறந்த பூட்டனாருக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தவர் யார்? ஆங்கிலச் 'சிட்டிசன்' நகரத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது; ஊரில் வாழ்பவர் என்பதே அதன் அடிப்படை. நம் 'குடி' குடும்பத்தையும் மரபையும் குறிப்பது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அச்சட்டம் நகரத்தை விட்டுக் குடியையே தேடிற்று என்பது வியப்பு. (இந்நாளில் 'குடிமகன்' என்றால் மதுக்கடை வாடிக்கையாளர் என்று நகைக்கும் இளைஞர்க்கு இச்சொல்லின் எடை தெரியாது.) இலங்கைத் தமிழில் இதற்கு வழங்கிய சொல் பிரஜாவுரிமை, அதிலும் 'வம்சாவளிப் பிரஜை', 'பதிவுப் பிரஜை' என்று இரு தரம்.

இரண்டிலும் அடங்காதார் 'ஸ்டேட்லெஸ்' ஆயினர். அரசற்றவர் என்பதே அதன் நேர்பொருள். நாம் 'நாடற்றவர்' என்றோம். இங்கேதான் தமிழ் சற்றுத் தவறிற்று என்பது நம் கருத்து. நாடு அவர்களுக்கு இருந்தது. அதன் சரிவுகளில் நாள்தோறும் கொழுந்து பறித்தனர். இல்லாதது அரசு ஒன்றே.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதி செய்தனர். அவ்வாறு வந்தோர்க்கு வேலை தரும் பொருட்டு 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டமே 1976இல் கழகமாயிற்று.

குடியேறியோர்க்குப் பெயரிடுதல் நீலகிரிக்குப் புதிதன்று. 'படகர்' என்பதற்கே வடக்கர் என்று பொருள் கூறுவர். இலங்கையிலோ மலையகத்தாரை 'வடக்கத்தியான்' என்றனர். முன்னது ஒரு சமூகம் பெருமிதத்தோடு ஏற்ற பெயர், பின்னது வசை. கோத்திரங்களும் சமூகத்தாரும் ஒருவரையொருவர் அறிதற்பொருட்டே எனத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் உணர்த்துவதை ஈண்டு நினைக்கிறோம்.

1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தோருள்ளும் மலையகத்தார் பலர். கப்பலில் ஒப்பந்தப்படி வந்த அண்ணன் 'தாயகம் திரும்பியவர்'. படகில் வந்த தம்பி 'அகதி'. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் சொல்லாட்சியில் தம்பி 'சட்டவிரோதக் குடியேறி'. பாட்டனார் ஊர் இருவர்க்கும் ஒன்றே. இத்தகைய முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்தம் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மத்திய அரசைப் பணித்தது.

2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 1911இல் இலங்கைக் குடிக்கணக்கு எவர்தம் முன்னோர்க்கு 'இலங்கைத் தமிழர்' என்ற பெயரைத் தர மறுத்ததோ, அவர்க்கு அப்பெயர் இப்போது இந்தியாவில் கிடைத்திருக்கிறது.