ஆற்றங்கரை விடுதியில் ஓர் இரவு

2024 ஜூலையில் பாத்திமா திருப்பயணிகள் சிலருக்கு வழித்துணையாகச் செல்லும் பேறு நமக்குக் கிட்டியது. சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம். அங்கிருந்து லிஸ்பன் மாநகருக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். நள்ளிரவில் விமான நிலையம் புகுந்த நாம், டேகஸ் ஆற்றங்கரை விடுதியில் அறைக்கதவைத் திறந்தபோது அந்நாட்டில் பிற்பகலாகியிருந்தது.

சாளரத்துக்கு வெளியே ஆறு கடலென விரிந்து கிடந்தது. வலப்புறம், 1966இல் திறக்கப்பட்ட செந்நிறத் தொங்குபாலம். எதிர்க்கரைக் குன்றின்மேல் கைவிரித்து நிற்கும் கிறிஸ்து அரசர் திருவுருவம். இதே ஆற்றிலிருந்துதான் 1541 ஏப்ரல் 7ஆம் நாள் புனித சவேரியார் கப்பலேறினார். அவர் கோவாவில் இறங்கியது 1542 மே 6ஆம் நாள். பதின்மூன்று மாதங்கள்! அவர் பட்ட பாடு பெரிது. ஆயினும் நாளுக்குச் சிறிது சிறிதாகக் கதிரவனோடு இசைந்து நகர்ந்தமையால், அவருடைய உடலும் அவரோடு சேர்ந்தே கரையேறியிருக்கும். நம் உடலோ இன்னும் பங்கிலேயே தங்கியிருந்தது.

அதனை அன்றிரவு உணர்ந்தோம். விழிப்புத் தட்டியபோது மணி 12.30. நம் ஊரில் அது காலை 5.00, கோயில்பிள்ளை முதல் மணி அடிக்கும் நேரம். மெத்தை பஞ்சினும் மென்மையானது. அறையில் அரவமே இல்லை. இருந்தும் உறக்கம் வரவில்லை. மூளைக்குள் இயங்கும் கடிகாரம் கண்வழிப் புகும் ஒளியைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்றும், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே நகரும் என்றும் மருத்துவர் கூறுவர். குருமடத்தில் பயின்ற மன ஒறுத்தல் எதுவும் அதனிடம் செல்லுபடியாகவில்லை.

கீழே இறங்கினோம். வரவேற்புக் கூடத்தில் நேபாள இளைஞர் ஒருவர் தனியே இருந்தார். நம்மைக் கண்டதும் நாற்காலியைச் சாளரத்தருகே இழுத்துப் போட்டு, சூடான பாலும் இரண்டு துண்டு ரொட்டியும் கொணர்ந்தார். "தொலைவிலிருந்து வருவோர் பலரும் இந்நேரம் இறங்கி வருவார்கள், ஐயா. முதலில் ஏதாவது சாப்பிடுங்கள்" என்றார். அவர் எப்போது உறங்குவார் எனக் கேட்டோம். "பகலில், திரையை இழுத்து மூடிக்கொண்டு. விடுமுறை நாளிலும் இரவில் தூக்கம் வராது, பகலில் நிற்கும்போதே கண் செருகும்" என்று சிரித்தார்.

நாம் சிரிக்கவில்லை. ரொட்டி தொண்டையில் நின்றது.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் துபாயில் இத்தகைய விடுதியொன்றில் இரவுப்பணி செய்கிறான். சென்ற முறை விடுப்பில் வந்தவன், ஞாயிறு திருப்பலியில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, மறையுரையின்போது உறங்கிவிட்டான். "பணம் தேடப் போன இடத்தில் பக்தியைத் தொலைத்தவர்களும் நம்மிடையே உண்டு" என்று பீடத்திலிருந்தே சொன்னோம். எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். மாலையில் அவன் தாய் வந்தார். "சாமி, அவனுக்கு அங்க ராத்திரி வேலை. உடம்பு இன்னும் ஊர் திரும்பல" என்றார். கெத்சமனித் தோட்டத்தில் உறங்கிய சீடரைச் சான்று காட்டி அவர் வாயை அடைத்தோம். அதன்பின் விடுப்பு முடியும்வரை அவன் கோயிலுக்கு வரவில்லை.

மறுநாள் மாலை, புனித அந்தோனியார் பிறந்த இடத்தில் எழுந்துள்ள ஆலயத்தில் கூட்டுத் திருப்பலி. நம் உடலுக்கோ அது இரவு பதினொரு மணி. மறையுரை தொடங்கியது நினைவிருக்கிறது, முடிந்தது நினைவில்லை. யாரோ மெல்லத் தோளைத் தொட்டனர். கண் திறந்தோம். காணிக்கைப் பவனி வந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த முதிய குரு நம்மை அதுவரை எழுப்பாமல் விட்டிருந்தார். நம்பிக்கை அறிக்கைக்கு எல்லோரும் எழுந்து நின்றபோதும் நாம் அமர்ந்தே உறங்கியிருக்கிறோம். அவர் முகத்தில் கண்டனம் இல்லை.

அன்றிரவும் விடுதிச் சாளரத்தருகே விழித்திருந்தோம். களைத்துச் சூரைச்செடியடியில் படுத்த எலியா நினைவுக்கு வந்தார். வானதூதர் அவரிடம் முதலில் பணியைப் பற்றிப் பேசவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறங்க விட்டார். மறுபடியும் வந்து ஊட்டினார். இப்பகுதியைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். அதனை நம் பங்கில் வாழ்ந்து காட்டத் தவறினோம். நேபாளத்து இளைஞர் அதனை யாரிடமும் பயின்றிருக்கத் தேவையில்லை. இரவுப்பணியே கற்றுத் தந்திருந்தது.

திரும்பும் வழியில் துபாய் விமான நிலையத்தில் சில மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அங்கே நள்ளிரவு கடந்திருந்தது. அவன் பணியிலிருக்கும் நேரம். தாயிடம் வாங்கிய எண்ணுக்கு அழைத்தோம். "தம்பி, அன்று உன்னை எல்லார் முன்னிலையிலும் அப்படிச் சொன்னது தவறு. மன்னித்துவிடு" என்றோம்.

சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், விருந்தினரை நாள்தோறும் கேட்டுப் பழகிய குரலில் கேட்டான்:

"அத விடுங்க சாமி. அங்க ஓட்டல்ல நல்லாத் தூங்குனீங்களா?"