யார் கையெழுத்துப் போடுவது?

தொண்டை வலிக்கு நம் வீடுகளில் யாரும் உடனே டாக்டரிடம் போவதில்லை. வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளிப்பது, பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுக் குடிப்பது, சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துத் தொண்டைக்கு வெளியே தடவுவது என்று வரிசையாக வைத்தியம் நடக்கும். அதை எல்லாம் செய்து கொடுப்பது பெண்கள்தான். கணவனுக்குத் தொண்டை கட்டினால் கஷாயம் வரும், பிள்ளைக்குக் கட்டினால் கஷாயத்தோடு விடுமுறைக் கடிதமும் வரும். அடுப்படியில் நிற்பவளுக்குக் கட்டினால், அவளே கஷாயம் வைத்து அவளே குடித்துவிட்டு, அந்தப் பாத்திரத்தையும் அவளே கழுவி வைக்க வேண்டும்.

எனக்கு 42 வயதில் டான்சில் வந்தது. சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். "அது சின்னப் பிள்ளைகளுக்கு வாரதுல்லா? உனக்கு எதுக்குட்டி வருது?" என்றார் அத்தை, என் கணவரின் அம்மா. எங்கள் ஊர்ப்பக்கம் இதை "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்பார்கள். உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பைப் போல ஒட்டிக்கொண்டிருப்பவை டான்சில்கள். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வரும் கிருமிகளை அடையாளம் கண்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்வதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. வயது ஏற ஏற அவை சுருங்கிப்போவதுதான் வழக்கம்.

எனக்குச் சுருங்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒன்பதாம் வகுப்பில் 48 பிள்ளைகள். தொண்டையை வைத்துத்தான் என் பிழைப்பு. அதனால் வலித்த முதல் வாரமே பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். திரும்பப் போனேன். வேறு நிறத்தில் இன்னொரு ஐந்து நாள் மாத்திரை. மூன்றாவது முறை போனபோது, "டீச்சர்தானே, கத்திக் கத்திப் பேசுவீங்க. கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றார் அந்த டாக்டர். டார்ச் அடித்து என் தொண்டையை அவர் பார்க்கவே இல்லை.

பார்த்தவள் என் மகள். பிளஸ் டூ உயிரியல் படிப்பவள். ஒரு நாள் இரவு போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்து, "அம்மா, வலது பக்கம் மட்டும் பெருசா இருக்கும்மா. இடது பக்கம் சாதாரணமாத்தான் இருக்கு" என்றாள். காய்ச்சல் இல்லை. ஆனால் எச்சில் விழுங்கினால் வலது காதுக்குள் சுருக்கென்று வலித்தது. அதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டிருந்தது.

அன்றிரவு எல்லாரும் தூங்கியபின் நான் தேடிப் படித்தேன். ஒரு பக்கம் மட்டும் வீக்கம், காதில் வலி, மாத்திரைக்கு அடங்காதது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நான்காவது வரியில் அந்தச் சொல் வந்தது. புற்றுநோய். என் பெரியம்மாவுக்குக் கன்னத்தில் வந்தது. வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் அவருக்கு. கடைசி மாதங்களில் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் அவர் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான் இரவெல்லாம் கண்முன் நின்றது.

பயம் வந்தால் பெண்கள் அழுவார்கள் என்று சினிமாக்காரர்கள் நினைக்கிறார்கள். நான் கணக்குப் போட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, அடகில் இருக்கும் வளையலை எப்போது திருப்பலாம், ரேஷன் கார்டு எந்தப் பையில் இருக்கிறது, அத்தையின் பிரஷர் மாத்திரையைக் காலையில் யார் எடுத்துக் கொடுப்பார்கள். விடிவதற்குள் நான் இல்லாத வீட்டை ஒரு மாதத்துக்கு நடத்தி முடித்திருந்தேன். நான் இல்லாமல் போவதை நினைத்து நான் துக்கப்படவே இல்லை என்பது காலையில்தான் உறைத்தது. அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கையுறை போட்டுக்கொண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவினார். மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுக் குரல்வளை வரைக்கும் பார்த்தார். பிறகு உட்கார வைத்துப் பேசினார். ஒரு டான்சில் மட்டும் பெரிதாக இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை; சிலருக்கு அது கொஞ்சம் முன்தள்ளி இருப்பதாலேயே பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பெரிதாகி, அதே பக்கம் காதும் வலித்து, வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் பார்த்துவிட்டுச் சும்மா அனுப்பக்கூடாது. எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

பழக்கங்களைக் கேட்டார். புகை, புகையிலை, பாக்கு, மது. நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குப் புகையிலைதான் முதல் காரணம். அடுத்து ஹெச்பிவி என்ற வைரஸைப் பற்றிச் சொன்னார். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்ததற்காக ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே வைரஸ் டான்சிலிலும் புற்றுநோயை உண்டாக்கும், அது பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருகிறது என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது மைனி குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. எப்படி வந்துச்சுன்னு கேப்பாவ" என்றார். தோழிகளே, நாம் பேச வேண்டியது இதைத்தான். தாம்பத்திய வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் எப்போதாவது ஒரு முறை இந்த வைரஸைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தானாகவே போயும் விடுகிறது. வைரஸ் யாருடைய நடத்தைக்கும் சான்றிதழ் எழுதுவதில்லை. ஆனால் ஒரு ஆணுக்குத் தொண்டையில் கட்டி என்றால் "பாவம், குடும்பம் என்னாகும்" என்கிற ஊர், பெண்ணுக்கு என்றால் "எப்படி வந்தது" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்களோ.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. இரண்டு டான்சில்களையும் எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவது என்று முடிவு. முந்தின நாள் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள்.

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

"அவர் மஸ்கட்டில் இருக்கார்."

"அப்ப மாமனார்?"

"அவர் இறந்து ஆறு வருஷம் ஆகுது."

"வேற ஜென்ட்ஸ் யாரும் இல்லியாம்மா?"

என் தம்பி பையன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவன் வந்து போட்டால்கூடப் போதுமாம். நான் அவனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவள். மாதம் நூறு விடைத்தாள்களிலும் 48 மதிப்பெண் அட்டைகளிலும் கையெழுத்துப் போடுகிறவள். என் தொண்டையை அறுக்க என் கையெழுத்து போதாதா?

போதும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சுயநினைவோடு இருக்கும் 18 வயது நிறைந்த ஒருவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். சமீரா கோலி என்ற பெண்ணின் வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். அவர் 44 வயதுப் பெண். அவர் கண்விழித்த பிறகு அவரையே கேட்டிருக்கலாம். அம்மாவின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்புக்குக்கூட வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவரின் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் கவுன்ட்டரில் இருப்பவர்கள் 'ஜென்ட்ஸ்' யாரையாவது தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நான் டாக்டரிடம் போனேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்து, "நோயாளி கையெழுத்து போதும்" என்று எழுதிக் கொடுத்தார். உடன் இருப்பவர் என்ற இடத்தில் அத்தையின் பெயரை எழுதினேன். மஸ்கட்டிலிருந்து போனில் என் கணவர், "நீ போட்டது சரிதான். ஏன்ட்ட கேட்டிருந்தாலும் நான் என்னத்தச் சொல்லப் போறேன்?" என்றார். அதைத்தான் அவர்களும் யோசித்திருக்க வேண்டும்.

மயக்கம் தெளிந்தபோது தொண்டையில் கண்ணாடித் துண்டுகளை வைத்துத் தைத்தது போல் இருந்தது. "குழந்தைகள் சீக்கிரம் எழுந்து ஓடிடும், பெரியவங்களுக்கு வலி அதிகம், ரெண்டு வாரம் ஆகும்" என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாதது ஒன்று உண்டு: முதல் நாளைவிட நான்காம் நாள், ஐந்தாம் நாள் வலி மோசமாக இருக்கும். வலி காதுக்கு ஏறும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் அப்படி. கண்ணாடியில் பார்த்தால் அறுத்த இடம் வெள்ளையும் மஞ்சளுமாக இருக்கும். அது சீழ் இல்லை, ஆறுகிற புண்ணின் மேல் படியும் பொருக்கு. வாய் நாறும். அதுவும் இயல்புதான்.

இந்த நாள்களில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விழுங்க வேண்டும். வலிக்கிறதே என்று விழுங்காமல் இருந்தால் தொண்டை காய்ந்து இன்னும் வலிக்கும். மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டு, அரை மணி கழித்து இளஞ்சூட்டில் கஞ்சி, குழைந்த தயிர்ச் சோறு, இளநீர், ஐஸ்கிரீம். புளிப்பும் காரமும் முறுக்கும் வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் வகை மாத்திரை கூடாது. ரத்தக் கசிவு கூடும். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம். வந்தால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு ஏழாம் நாள் இரவு வந்தது. வாயில் உப்புக் கரித்தது. வாஷ்பேசினில் துப்பினேன், சிவப்பு. கூப்பிடக் குரல் இல்லை. குழாயடியில் கிடந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் தட்டினேன். அத்தைதான் முதலில் எழுந்து வந்தார். எதிர்வீட்டு ஆட்டோக்காரரை எழுப்பி, மகளிடம் வீட்டைப் பூட்டச் சொல்லி, இரவு இரண்டு மணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் தானாகவே நின்றிருந்தது. காலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

பத்து நாள் எனக்குப் பேச்சு இல்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குரல்நாண்களில் அவர்கள் கை வைக்கவே இல்லை. வலிக்குப் பயந்துதான் பேசவில்லை. மகளின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டினேன். நான் பேசாதபோது வீடு பேச ஆரம்பித்தது. எட்டாம் நாள் மத்தியானம், கஞ்சியை ஆற்றிக்கொண்டே அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கும் ரத்தம் வருதுட்டி. தீட்டு நின்னு பதினோரு வருஷமாச்சு. இப்பம் ஒரு வருஷமா அப்பப்பம் வருது. யார்ட்டயும் சொல்லல. நீ திருப்பிப் பேசமாட்டல்லா, அதான் சொல்லுதேன்."

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் பார்க்க வேண்டும். சிலேட்டில் எழுதினேன்: நாம போவோம். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு, "அவன்ட்ட சொல்லாத" என்றார். தலையாட்டினேன்.

என் பயாப்ஸி முடிவு அதற்கு மறுநாள் வந்தது. நாள்பட்ட அழற்சி, புற்றுநோய் இல்லை. அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். பிறகு குளியலறைக்குப் போய், விட்டுப்போன அழுகையை அழுதேன். தொண்டை இன்னும் வலித்தது. "அப்பம் வீணா அறுத்துருக்க" என்றார் மைனி. வீண் இல்லை. இல்லை என்று தெரிந்துகொள்வதற்கும் விலை உண்டு. அதைக் கொடுக்கும் உரிமை ஆண்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் போராடி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் தன் இறப்பு வரை அங்கேயே இருந்தார். பெண்கள் கட்டிய மருத்துவமனை அது. அப்படி ஒன்று நம் மாநிலத்தில் இருக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் ஒரு வருடம் ரத்தத்தைத் துணியில் மறைத்துக் கழுவுகிறார்கள் என்றால், வழியில் எங்கோ அடைத்துக்கொண்டு நிற்பது எது?

மூன்று வாரம். இதை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், தொண்டை வலி, குரல் கம்மல், கழுத்துக் கட்டி, எச்சிலில் ரத்தம் எதுவாக இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள். பார்க்காமல் மாத்திரை எழுதினால், "பாருங்க" என்று கேளுங்கள்.

அத்தையை அடுத்த மாதம் கூட்டிப்போனேன். கருப்பைக்குள் சின்னச் சதை வளர்ந்திருந்தது. எடுத்துப் பரிசோதித்தார்கள், கெட்டது இல்லை. அதற்கு முன் அங்கேயும் ஒரு படிவம் நீட்டப்பட்டது. "பாட்டி, மகன் வரலியா? கையெழுத்துப் போடணுமே" என்று கேட்டார் நர்ஸ். நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை பேனாவை வாங்கிக்கொண்டார்.

"ஒடம்பு எனக்குள்ளதுதானம்மா? எங்க போடணும்னு மட்டும் காட்டு."

எழுத்து எழுத்தாக, நிதானமாக, பெயரை முழுதாக எழுதினார்.