அடுத்த கூரை

தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் ஊரே கை நீட்டிக் காட்டுவது எரிந்துகொண்டிருக்கும் வீட்டைத்தான். வண்டியிலிருந்து இறங்குகிறவன் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த கூரையை. விழுப்புரம் மாவட்டத்து நிலையங்களில் தீயணைப்போராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோலியனூர், வளவனூர் பக்கத்துக் கிராமங்களில் கூரை வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெருக்களில்தான் இந்தப் பார்வை எனக்குப் பழகியது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

எங்கள் பக்கத்துக் கூரை பனை ஓலையாக இருக்கும், இல்லையென்றால் கரும்புச் சோகையோ விழலோ. கத்திரி வெயிலில் மூன்றுமே சருகாகிவிடும். ஒரு மூலையில் பற்றினால் முகடு உடைந்து விழச் சில நிமிடங்கள் போதும். விழுப்புரத்திலிருந்து கோலியனூர் கூட்டுரோடு ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் அழைப்பு வந்து, மணி அடித்து, வண்டி கிளம்பி, புதுச்சேரி சாலையின் நெரிசலைத் தாண்டி, உள் கிராமமென்றால் ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்து, போய்ச் சேரும்போது முதல் வீடு போயிருக்கும். உள்ளே ஆள் யாராவது உண்டா என்று கேட்போம். குழந்தை, நடமாட முடியாத பெரியவர், கட்டிப்போட்ட ஆடு மாடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதற்றத்தில் இருப்பவர்களுக்கு நினைவு வரும். யாரும் இல்லை என்று உறுதியானபின், அந்த வீட்டின்மேல் கொட்டும் தண்ணீர் வீண்.

இதைச் சொன்னால் கல்நெஞ்சம் என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். வண்டியின் தொட்டி கொள்வது 4,500 லிட்டர். ஹோஸின் முனையில் மாட்டும் பிராஞ்சை முழு வேகத்தில் திறந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 லிட்டர் போகும். அப்படியென்றால் பத்து நிமிடம். இரண்டு பிராஞ்ச் திறந்தால் ஐந்து. அதற்குள் தெரு நம் கையில் இருக்க வேண்டும், அல்லது அடுத்த தண்ணீருக்கு வழி செய்திருக்க வேண்டும். மே மாதத்தில் குட்டை வறண்டிருக்கும், வாய்க்காலில் மண் வெடித்திருக்கும். கிணறு இருந்தாலும் நீர் ஆழத்தில் கிடக்கும். சக்‌ஷன் ஹோஸைப் போட்டு இழுக்கும் பம்புக்கு ஏழு மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் நடைமுறையில் எட்டாது. எவ்வளவு பெரிய இன்ஜின் மாட்டினாலும் எட்டாது, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம், அது எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

ஆகவே முதல் பிராஞ்ச், காற்று போகும் பக்கத்தில் இன்னும் பற்றாத கூரையை நனைக்கப் போகும். எரியும் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒருவர் நிற்பார். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக்கூடாது, ஓலை கலைந்து உள்ளே காற்றுப் புகும். மழை பெய்வது போல விரித்து, முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஊறவிட வேண்டும். ஊர் இளைஞர்கள் ஏணி வைத்து ஏறி ஈரச் சாக்கு விரித்தால் அது அரை வண்டித் தண்ணீருக்குச் சமம். கங்கு விழுந்த இடத்தில் அடிக்க வேப்பங்கிளையோ புங்கந்தழையோ கையில் இருக்க வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தீ பெரும்பாலும் காற்று மாறும்போதுதான் பெரிதாகிறது. கடற்கரையிலிருந்து கோலியனூர் அதிக தூரமில்லை, புதுச்சேரி தாண்டினால் கடல். கோடையில் முற்பகலில் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வரும். கடலோரத்தில் அது சீக்கிரம் வந்துவிடும், எங்கள் பக்கம் வந்துசேரப் பிற்பகலாகும். மேகமும் வெயிலும் பொறுத்து நாளுக்கு நாள் நேரம் மாறும். அது வருவதற்கு முன் சிறிது நேரம் காற்றே இல்லாமல் புகை நேராக மேலே போகும். ஊர்க்காரர்கள் தீ அடங்குகிறது என்று மூச்சு விடுவார்கள். எங்களுக்கு அதுதான் வேலையைத் தொடங்க வேண்டிய நேரம். அதுவரை கிழக்கே ஓடிய தீ அடுத்த சில நிமிடங்களில் மேற்கே திரும்பும், பாதுகாப்பு என்று நினைத்து வண்டியை நிறுத்திய பக்கமே தீயின் முகமாகிவிடும். ஆகவே பிற்பகல் அழைப்பு என்றால் வண்டியைத் தெருவின் கிழக்குப் பக்கமாக, திரும்பி வெளியேற வழி வைத்து நிறுத்துவேன். இரண்டாவது ஹோஸ், தீ இன்னும் போகாத மேற்குக் கோடிக்குப் போகும். புதிதாக வந்தவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். தெருப்புழுதி எந்தப் பக்கம் நகர்கிறது, பனை மரத்து மட்டைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று நின்று பார்க்கச் சொல்வேன். தரையில் காற்று மாறுவதற்கு முன் பனையின் உச்சியில் அது தெரிந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் பனைக்குக் குறைவில்லை.

தண்ணீரும் போதாமல் காற்றும் எதிராக இருந்தால் மிஞ்சுவது ஒரே வழி. இன்னும் எரியாத ஒரு கூரையைப் பிரித்துப் போட்டு இடைவெளி உண்டாக்க வேண்டும். இந்த வேலையில் இதைவிடக் கடினமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. எந்த வீடு என்பதை நிலைய அலுவலர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். தீக்கு மிக அருகில் இருக்கும் வீட்டைத் தேர்ந்தால் பிரித்து முடிப்பதற்குள் அதுவும் பற்றிவிடும். ஒன்று இரண்டு வீடு தள்ளித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வீட்டுக்காரருக்கோ தீ தன்னை விட்டு எட்ட இருப்பதாகத்தான் தெரியும். நீண்ட கொக்கியைக் கூரையில் மாட்டும்போது வாசலில் ஓர் ஆயா குறுக்கே வந்து நிற்பார். “எரியாத ஊட்ட ஏன்யா பிக்கறீங்க?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் முழுப் பதில் சொல்ல முடியாது. “ஆயா, ஓலையப் பிரிச்சா திரும்ப வேஞ்சிக்கலாம், உள்ள இருக்கறத மொதல்ல எடுங்க” என்போம். பத்திரம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் மார்க் ஷீட் இருக்கும் டிரங்குப் பெட்டியை எங்களில் ஒருவரே தூக்கி வந்து அவர் கையில் கொடுத்துவிட்டால், கூரையின்மேல் கை வைக்க அனுமதி கிடைத்துவிடும். பிரித்த ஓலையை அங்கேயே குவித்தால் அது தீக்குத் தீனி. இழுத்துக்கொண்டு போய்த் தெருவுக்கு வெளியே போட ஆள் வேண்டும். அதற்கு ஊர்ச் சனம்தான் கை கொடுக்கும். இந்த இடைவெளி ஒழுங்காக அமைந்தால் தீ அங்கே வந்து நிற்கும். கங்கு பறந்து தாண்டாமல் பார்த்துக்கொள்ள மறுபக்கம் தழையோடு சிலர் நின்றால் போதும்.

பிரித்த வீட்டுக்காரரின் பெயர் நிவாரணப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எரிந்த வீட்டுக்கு அரிசி, வேட்டி, சேலை, நிவாரணத் தொகை என்று வருவாய்த்துறை உடனே வரும். தெருவைக் காப்பாற்றத் தன் கூரையைக் கொடுத்தவரின் பெயரைக் கிராம நிர்வாக அலுவலரிடம் நாம்தான் எடுத்துச் சொல்லி எழுத வைக்க வேண்டும். தீயை அணைத்துவிட்டு வண்டி ஏறுமுன் செய்ய வேண்டிய வேலைகளில் இதையும் ஒன்றாக நான் வைத்திருந்தேன்.

மின்சாரம் இன்னொரு சிக்கல். தீப்பற்றியதும் யாராவது ஓடிப்போய் டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கிவிடுவார்கள். அறுந்த கம்பியில் கரன்ட் இருந்தால் நாங்களும் சாக வேண்டியதுதான், ஆகவே பிடுங்குவது சரி. ஆனால் அதே டிரான்ஸ்பார்மரில்தான் பக்கத்துக் கழனியின் மோட்டார் ஓடுகிறதென்றால் தண்ணீரும் அத்தோடு நின்றுபோகும். லைன்மேனைப் பிடித்து, தெருவுக்குப் போகும் கம்பியை மட்டும் துண்டித்துக் கழனி மோட்டாரை ஓடவிட முடியுமா என்று கேட்பது ஒரு ஹோஸ் போடுவதற்குச் சமமான வேலை. டீசல் இன்ஜின் வைத்திருப்பவர், டிராக்டரில் டேங்கர் கட்டி ஓட்டுபவர் யார் யார் என்பதை ஒவ்வொரு ஊரிலும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் நிலையம்தான் நல்ல நிலையம்.

சிலிண்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது கூரை வீட்டிலும் கேஸ் அடுப்பு உண்டு. சுற்றிலும் தீ இருக்கும்போது சிலிண்டர் சூடேறி வெடிக்கும். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு கடைத் தீயை அணைக்கும்போது சிலிண்டர் வெடித்து எங்கள் துறையைச் சேர்ந்த தீயணைப்போர் ஒருவர் உயிரிழந்தார். வேடிக்கை பார்த்து நின்றவர்கள் பலரும் தீக்காயம் அடைந்தார்கள். தீ எட்டாத நேரத்தில் வெளியே எடுத்தால் எடுத்ததுதான். தீக்குள் அகப்பட்டுவிட்டால் தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிர வைப்பதைத் தவிர வேறு வழியில்லை, கூட்டம் பின்னால் போயே ஆக வேண்டும்.

கோலியனூர் வட்டாரத்தில் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் கரும்பு காட்டைப் போலவே எரியும். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றிலும் கரும்பு, கிழக்கே போகப் போகச் சவுக்கு. தாழ்ந்து தொங்கும் மின்கம்பி காற்றில் உரசித் தெறிக்கும் பொறி போதும். வெட்டு முடிந்த கழனியில் மறுதாம்புக்காகச் சோகையைக் கொளுத்துவதும் பல தீக்குக் காரணம். அந்தத் தீ வரப்பைத் தாண்டி அடுத்த கரும்புக்குப் போகும், அதையும் தாண்டினால் காலனி வீடுகள். கரும்புக்குள் ஹோஸை இழுத்துக்கொண்டு நுழையக்கூடாது, வெளியே வர வழி தெரியாது. காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று, தீக்கும் வீடுகளுக்கும் நடுவே டிராக்டரில் ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணைத் திறந்துவிட வேண்டும். எதிர்த்தீ வைத்து அணைக்கும் முறை பயிற்சிப் புத்தகங்களில் உண்டு. பிற்பகலில் காற்று திரும்பும் எங்கள் ஊரில், வீடுகள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எரிந்த கரும்பை உடனே வெட்டி ஆலைக்கு அனுப்பாவிட்டால் எடையும் சர்க்கரையும் இறங்கிவிடும், எனவே விவசாயி தீ அணைந்த அன்றே வெட்டாள் தேடி அலைய வேண்டும். சோகையைக் கொளுத்தாமல் பார்களுக்கு நடுவே மூடாக்காகப் போட்டால் ஈரமும் தங்கும், மண்ணும் வளமாகும்.

மலைக்காட்டுத் தீ எங்களுடைய தீயிலிருந்து ஒரு விதத்தில் வேறு. அங்கே சரிவு இருக்கிறது. வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதால் தீ மேட்டை நோக்கி வேகமெடுக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் அப்படிப்பட்ட தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் தீ பரவியபோது விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் ஏறக்குறைய 16,000 லிட்டர் தண்ணீரைச் சுமந்து வந்து கொட்டியது. எங்கள் வண்டித் தொட்டிகள் நான்குகூட முழுதாக நிரம்பாத அளவு அது. வேட்டைத் தடுப்புக் காவலர்களும் ஊர்க்காரர்களும் தழையால் அடிப்பதோடும், அவர்கள் வெட்டிய தீத்தடுப்புக் கோடுகளோடும் சேர்ந்தால்தான் அந்தத் தண்ணீருக்கு மதிப்பு.

கங்கு விஷயத்தில் மட்டும் உலகம் முழுவதும் ஒரே கதைதான். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீயில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. புயல் வேகக் காற்று கங்குகளை வெகு தூரம் கொண்டுபோய் வீட்டுக் கூரைகளிலும் வேலிகளிலும் போட்டது. பாலிசேட்ஸ் மேட்டுப்பகுதியில் தெருக்குழாய்களே வற்றிப்போயின. அவ்வளவு வசதி உள்ள ஊரிலும் தண்ணீர் தீர்ந்த பிறகு காப்பாற்றியது, வீட்டைச் சுற்றி எரிபொருள் எதுவும் இல்லாமல் வைத்திருந்த வெற்றிடம்தான். நாங்கள் கொக்கியால் கூரையைப் பிரித்து உண்டாக்குவதும் அதே வெற்றிடம்தான்.

கூரை வீடுகள் குறைந்துவருவது உண்மை. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் இலக்கோடு தொடங்கியது. 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் என்ற பெயரில், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. தீயணைப்புக்காக அரசு செய்த செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது இதுதான் என்பேன், அது எங்கள் துறைக் கணக்கில் வராவிட்டாலும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடக் கூரை பற்றி 94 குழந்தைகள் கருகியதைப் பார்த்த மாநிலம் இது. ஆனால் கான்கிரீட் வீட்டை ஒட்டியே ஓலைக் கொட்டகையும், கொட்டகையை ஒட்டி வைக்கோல் போரும் இன்னும் நிற்கின்றன. போர் பற்றினால் மேலே தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. உள்ளே தணல் கிடந்து மறுநாளும் புகையும். ஜேசிபி வைத்துப் பிரித்துக் கிளறி, அடிவரை நனைத்துவிட்டுத்தான் வண்டி திரும்ப வேண்டும்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் இறந்த தீயணைப்போரின் நினைவாக, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. கத்திரி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அது வருகிறது. அந்த வாரத்தில் உங்கள் ஊருக்கு வண்டி வந்து செயல்விளக்கம் காட்டினால் குழந்தைகளோடு நீங்களும் வந்து நில்லுங்கள். தீப்பற்றினால் ஊரைக் கூப்பிடுவதற்கு முன்னால் 101-ஐக் கூப்பிடுங்கள். ஊர்ப் பெயரோடு எந்தக் கோயில், எந்தத் தண்ணீர்த் தொட்டி பக்கம் என்றும் சொல்லுங்கள், ஓர் ஆளைப் பைக்கில் மெயின் ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள். வண்டி நுழையப் பத்தடி அகலம் வேண்டும். உங்கள் தெருவில் அது இருக்கிறதா என்று இந்தச் சித்திரைக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள், குறுக்கே வைக்கோல் போர் இருந்தால் இப்போதே நகர்த்துங்கள்.