கதவுநிலையில் ஒரு கோடு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் முதலமடை. மாந்தோப்புகள் மிகுந்திருப்பதால் இதனை ‘மாம்பழ நகரம்’ என்பர். பொள்ளாச்சி அருகில் இருப்பதால் தமிழும் மலையாளமும் இங்கு ஒரே தெருவில் ஒலிக்கின்றன.

இவ்வூரில் தோப்புக் காவலர் ஒருவரின் மூத்த மகனுக்கு வயது 19. படையில் சேர்வது அவன் சிறுவயதுக் கனவு. ஆனால், விதித்த உயரத்திற்கு 2 செ.மீ. குறைவு. பிறந்தநாள்தோறும் அவன் தாய் கதவுநிலையில் கரிக்கோடு இட்டு வந்தார். 13 வயது முதல் 15 வயது வரை கோடுகள் விலகி விலகி நின்றன, பின்னர் நெருங்கின. கடைசி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

அவன் நாள்தோறும் கம்பியில் தொங்கினான். உயரம் கூட்டும் பொடி வாங்கத் தாயிடம் பணம் கேட்டான். ஒரு நாள் காலையில் அளந்தபோது 1 செ.மீ. கூடியிருந்தது, மகிழ்ந்தான். மாலையில் அது மறைந்துவிட்டது.

மருத்துவர் அவனது கை எலும்பின் ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார்: “தம்பி, முதுகெலும்புகளின் இடையே உள்ள தட்டுகள் இரவில் நீரேற்றுப் பருக்கும், பகலில் உடல் எடையால் அழுந்தும். அது வளர்ச்சி அன்று. நீண்ட எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உண்டு. பருவ வயதின் இயக்குநீர்கள் முதலில் வளர்ச்சியை விரைவுபடுத்தும். பின்னர் அத்தட்டுகளை எலும்பாக்கி மூடிவிடும். ஆண்களுக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 வயதுக்குள் இது முடியும். பருவம் பிந்தியோர் சிலரே அதற்குப் பிறகும் சிறிது வளர்வர். உனக்குத் தட்டுகள் மூடிவிட்டன. மூடியதை எந்தப் பொடியும் திறக்காது.”

அவன் தலைகுனிந்தான். மருத்துவர் தொடர்ந்தார்: “பெற்றோர் வழி மரபு நம் கையில் இல்லை. குழந்தைப் பருவத்து உணவும் நோயின்மையும் ஓரளவு நம் கையில் உள்ளன. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறாண்டுகளில் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியிருக்கிறது. மரபு அதற்குள் மாறவில்லை, வாழ்வு மாறியது.”

கனவை விடுவது எளிதாக இல்லை. சில நாள்கள் அவன் யாரோடும் பேசவில்லை. பிறகு, பொடிக்கென எடுத்து வைத்த பணத்தைத் தாயிடமே திருப்பித் தந்தான். “தம்பிக்கு முட்டையும் பாலும் வாங்குங்கள், அம்மா” என்றான்.

தம்பிக்கு அப்போது வயது 8. அடுத்த பிறந்தநாளில், அவனைக் கதவுநிலையோடு நிமிர்ந்து நிற்கச் செய்து கரிக்கோடு இட்டவன் அண்ணனே.

சொற்பொருள்:
கதவுநிலை – கதவைத் தாங்கும் மரச்சட்டம்
குருத்தெலும்பு – வளையும் தன்மையுள்ள, எலும்பைவிட மென்மையான திசு
இயக்குநீர் – ஹார்மோன்
ஊடுகதிர்ப் படம் – எக்ஸ்ரே படம்