கிடைத்ததா, எடுத்ததா?

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில் வரை கேமராவுடன் நடப்பார் என் நண்பர். காசுக்கு அல்ல, ஆசைக்கு. மறைந்த அவர் அப்பா கடைசியாகக் காவடி எடுத்த படம், இவ்வாண்டு ஒரு கடையின் விளம்பரத்தில் வந்தது. அனுமதியும் இல்லை, பெயரும் இல்லை. கேட்டால், “இணையத்தில் கிடைத்ததுதானே” என்றார்கள்.

“தள்ளுபடிக்கா என் அப்பா அலகு குத்தினார்?” என்றார் நண்பர்.

சிங்கப்பூரில் படம் எடுத்தவுடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சட்டப்படி, பொதுவில் பயன்படுத்தும்போது எடுத்தவர் பெயரையும் பொதுவாகக் குறிப்பிட வேண்டும்.

வானொலியில் பாட்டுக்கு முன் பாடியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்கிறோம். ஐந்து விநாடி போதும். படம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் அதிக நேரம் ஆகாது.