சோமநாதக் கரையில் ஒரு கிணறு

சோமநாதம் சென்று வந்தோர் நம் சங்கத்தில் பலர் உளர். கடலை நோக்கி நிற்கும் பாணத் தூணைக் கண்டு, இங்கிருந்து தென்துருவம் வரையில் நேர்கோட்டில் கடலன்றி நிலமே இல்லை என்று அதில் பொறித்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, திரிவேணி சங்கமத்தில் நீராடித் திரும்புவதே நம்மவர் வழக்கம். நானும் முன்பு இருமுறை அவ்வாறே திரும்பியவன்தான். சென்ற மே மாதம் மூன்றாம் முறையாக அகமதாபாத்திலிருந்து இரவு ரயிலில் வேராவலுக்குச் சென்றபோது, தரிசனம் முடிந்த மறுநாள் ஒரு கிணற்றைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. அதைப் பற்றியே எழுதப் புகுந்தேன்.

என் தங்கையின் மகன் நிலத்தடி நீரை அளக்கும் அலுவலில் இருக்கிறான். பிறந்ததும் வளர்ந்ததும் மணிநகரில். “கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கா சம்பளம்?” என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவனைக் கேலி செய்வதுண்டு. அக்கேலியில் எனக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேராவலிலிருந்து சோர்வாட் செல்லும் வழியெங்கும் தென்னை, வெற்றிலைக் கொடி, மாந்தோப்பு. பசிய நாகேர் என்னும் பொருளில் ‘லீலி நாகேர்’ என இக்கரையை மக்கள் அழைக்கின்றனர். சௌராஷ்டிரத்தின் உட்பகுதி வறட்சியைக் கண்டு வருவோர்க்கு இது வேறொரு நாடோ என்று தோன்றும். இப்பசுமைக்குக் காரணம் அடியில் உள்ள சுண்ணாம்புக் கல். பொந்தும் புழையுமான அக்கல் மழைநீரை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும், கேட்டபோதெல்லாம் கொடுக்கும். ஆனால் மழைக்குத் திறந்த வழி கடலுக்கும் திறந்ததுதானே! எண்ணெய் இயந்திரங்களும் மின்சார மோட்டார்களும் பெருகி நீரை வாரி இறைத்த பின்னர், கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாயின. 1976-இல் குஜராத் அரசு இதனை ஆராய உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. ஓடைகளின் கழிமுகத்தில் கடல் ஏறாதபடி தடுத்து நன்னீரைத் தேக்கும் ‘பந்தாரா’ அணைகள் பின்னர் எழுந்தன. போகும் வழியில் ஒன்றைக் கண்டேன். மே மாதமாதலால் அதில் சேறே மிகுதி.

நாங்கள் நின்ற கிணறு கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்தது. கைப்பிடிச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு. ஒவ்வொரு முறையும் அவ்விடத்திலிருந்தே அளக்க வேண்டுமாம். மருமகன் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

“நேரம் எதற்கடா?” என்றேன்.

“கடலில் ஏற்றவற்றம் இருக்கிறதல்லவா, மாமா? கரையோரக் கிணற்று நீரும் அதற்கேற்ப ஏறி இறங்கும். நேரம் குறிக்காத அளவு இங்கே பயன்படாது.”

பிறகு இரும்பு நாடாவின் அடிப்பகுதியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மெல்ல இறக்கினான். மேலே இழுத்தபோது, நனைந்த இடத்தில் வெண்மை மங்கிக் கோடாய்த் தெரிந்தது. தானே பதிந்துகொள்ளும் கருவிகள் இப்போது பல கிணறுகளில் வந்துவிட்டன. ஆயினும் நாடாவை இறக்கிச் சரிபார்க்காமல் அவன் எதையும் நம்புவதில்லை. அடுத்து வாளியில் மொண்ட நீரால் புட்டியை இருமுறை அலசி, காற்றுக்கு இடமின்றி நிரப்பி மூடினான். இன்னொரு குவளை நீரில் மின்கடத்தும் திறனை அறியும் கருவியை அமிழ்த்தினான். உப்பு மிகுந்தால் அதன் எண்ணும் மிகும். ஆண்டுக்கு நான்கு முறை இவ்வாறு அளக்கிறார்கள். மழைக்கு முந்திய மே மாத அளவுதான் கிணற்றின் உண்மை நிலையைக் காட்டுவது.

கிணற்றுக்கு உரியவர் எழுபது கடந்த முதியவர். எல்லோரும் ‘காக்கா’ என்று அழைத்தனர். நான் தமிழன் என்றறிந்ததும், 2023 ஏப்ரலில் சோமநாதத்தில் நடந்த சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமத்துக்கு மதுரையிலிருந்து வந்தவர்களைப் பார்த்ததாகக் கூறி மகிழ்ந்தார். அப்புறம் மருமகன் பக்கம் திரும்பி, “தீக்ரா, மீட்டா, காரா?” என்றார். குஜராத்தியில் ‘மீட்டு’ என்றால் இனிப்பு. உப்புக்கும் அதே பெயர்! நல்ல தண்ணீர் ‘மீட்டு’, உப்புத் தண்ணீர் ‘காரு’. இருபது ஆண்டு இந்நாட்டு உப்பைத் தின்றும் இக்குழப்பம் எனக்கு இன்னும் தெளியவில்லை.

மருமகன் உடனே விடை கூறவில்லை. சென்ற ஆண்டு ஏட்டைப் புரட்டினான். எண் ஏறியிருந்தது.

அருகில் நின்ற காக்காவின் மகன், “இருபது அடி ஆழ்த்தினால் நல்ல தண்ணீர் கிடைக்கும், துளை போடுகிறவருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று” என்றார்.

அளப்பதும் எழுதுவதுமே மருமகனுடைய கடமை. அறிவுரை கூற அவனை யாரும் நியமிக்கவில்லை. ஆயினும் அவன் மண்ணில் குந்தி, குச்சியால் கோடு கிழித்தான். நன்னீரைவிடக் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு கனம் மிகுந்தது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை அது கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு நாற்பது அடி எழுந்து வரும். “அண்ணா, ஆழமாகப் போவது நல்ல தண்ணீரை நோக்கியன்று, கடலை நோக்கி. இருக்கும் ஆழத்திலேயே சிறிது சிறிதாக இறையுங்கள்” என்றான். ஹாலந்திலும் ஜெர்மனியிலும் இருவர் இக்கணக்கைத் தனித்தனியே கண்டறிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று என்னிடம் பிறகு சொன்னான்.

எனக்கோ இராமநாதபுரக் கடற்கரையில் என் பாட்டி நினைவுக்கு வந்தாள். மணலில் முழங்கால் அளவே தோண்டிய ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவாள். சிறுவனான நான் ஆழமாகத் தோண்டப் போனால் கையில் அடி விழும். அன்று அதைப் பாட்டியின் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன்.

மகன் முகம் சுளித்தார். “தென்னை உப்பைத் தாங்கும், மா தாங்குமா? ஐம்பது மரம் நிற்கிறது. சிறிது சிறிதாக இறைத்தால் அதற்குப் போதுமா?” என்றார். அக்கேள்விக்கு மருமகனிடம் விடை இல்லை. எண்ணை ஏட்டில் எழுதினான். காக்கா அந்த ஏட்டை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே சென்று ஒரு கூடை கேசர் மாம்பழம் கொணர்ந்து என் கையில் கொடுத்தார்.

“மாமா, புறப்படுங்கள், கடல் ஏறுமுன் அடுத்த கிணற்றுக்குப் போக வேண்டும்” என்று மருமகன் அவசரப்படுத்தினான். ஜீப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். தந்தையும் மகனும், மண்ணில் கிழித்த கோட்டருகே இன்னும் நின்று பேசிக்கொண்டிருந்தனர்.